மலைத்தோட்டத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பாலாமை: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால், கடல் மட்டத்திலிருந்து 1200 மீற்றருக்கும் மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் நான் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஆமைகளைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, நன்னீர் ஆமை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மேல் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், 14 குடும்பங்கள் இருக்கின்றன. மலையிடுக்கில் ஊறும் தண்ணீர் குழாய் வழியே ஒரு சீமெந்துத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு இறங்குகிறது. தொட்டி ஓர் ஆள் கழுத்தளவு ஆழம். நான்கு சுவர்களும் வழவழவென்று பூசப்பட்டவை. உள்ளே ஒரு படியோ கல்லோ கிடையாது. மேலே போட்டிருந்த தகரம் பாதி துருப்பிடித்துப் போயிருந்தது.

லயத்து இளைஞர் ஒருவர் மரக்கறி லொறியில் உதவிக்குப் போகிறவர். தீபாவளி கழிந்து சில நாட்களில், மழை பெய்த ஓர் இரவு, மகியங்கனைப் பக்கம் வயல் ஓரத்து வீதியில் ஓர் ஆமை கடந்துகொண்டிருந்ததைக் கண்டிருக்கிறார். பின்னால் வரும் வாகனத்தில் நசிந்துவிடும் என்று லொறியை நிறுத்தச் சொல்லி எடுத்திருக்கிறார். அதுவரை அவர் செய்தது நல்ல காரியம். பிறகு, கீழ்நாட்டில் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாக இருக்க ஆமை விடுவார்கள் என்று கடையில் யாரோ சொன்னது ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. டெங்குப் பயம் இருந்த நேரம் வேறு. நுளம்புக் குடம்பிகளையும் தின்னும் என்று நினைத்து, சாக்கில் போட்டு மலைக்குக் கொண்டுவந்து தொட்டியில் விட்டுவிட்டார். இரண்டு மூன்று வீட்டாருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

முதல் சில வாரங்கள் மூக்கை நீட்டி மூச்செடுக்க மேலே வருமாம். மார்கழிக் குளிர் தொடங்கிய பிறகு அதிகம் கண்ணில் படவில்லை. கேட்டவர்களுக்கு, "அது தூங்குது. வயல்ல சேத்துக்குள்ள மாசக்கணக்கா தூங்குற சாமான்தானே" என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு வார்த்தைதான் அந்த ஆமையை ஏறத்தாழச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனது என்று நினைக்கிறேன். அதைப் பின்னால் விளக்குகிறேன்.

தொட்டியில் கண்டது

மாசி பிறந்த வாரம் தொட்டி கழுவத் தண்ணீரை இறக்கியபோது, மூலையில் ஆமை அசையாமல் கிடந்தது. பக்கத்தில் மூன்று வெள்ளை உருண்டைகள். செத்துவிட்டதென்று நினைத்துத்தான் என் மாணவன் ஒருவன் ஓடிவந்தான். "சேர், ஆமை முட்டை போட்டு செத்துப் போச்சு" என்றான்.

நான் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. பாடசாலை வெப்பமானியைத் தொட்டி அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரில் வைத்தேன். 16 பாகை செல்சியஸ் காட்டியது.

ஆமையைத் தூக்கியதும் கழுத்து தொய்ந்து தொங்கியது. முன்கால் ஒன்று மெல்ல இழுத்துக்கொண்டதால்தான் உயிர் இருப்பது தெரிந்தது. மூக்கு நுனியில் சிறு நுரைக்குமிழி. முதுகின் பின்பக்கத் தோலில் பஞ்சு ஒட்டியதுபோல வெண்படலம். அடிவயிறு பால் நிறம், ஆனால் சீமெந்தில் உரசி உரசி ஓரமெல்லாம் சிவந்து தோல் கழன்றிருந்தது. முதுகின் நீளம் 21 சென்ரிமீற்றர். கடைத் தராசில் 960 கிராம்.

அது என்ன ஆமை என்று அறிந்தது

முதலில் நான் தவறாகத்தான் சொன்னேன். முதுகில் ஓட்டுத் தகடுகள் இல்லை, தோல் மூடியிருக்கிறது, மூக்குக் குழாய்போல நீண்டிருக்கிறது. ஆகவே வளர்ப்புக்கு விற்கும் வெளிநாட்டு ஆமை ஏதாவது இருக்கும் என்றேன். என்னைத் திருத்தியவர் லயத்தின் மூத்தவர் ஒருவர். 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் போய், பல வருடங்கள் அங்கே குளத்தடியில் வாழ்ந்து திரும்பியவர். குனிந்து பார்த்த உடனேயே, "இது பாலாமை சேர். நம்ம நாட்டுச் சாமான்தான்" என்றார். பின்கால்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் காட்டினார். அடிவயிற்றின் பின்பக்கத்தில் இரண்டு தோல் மடல்கள், பெட்டி மூடிபோல வந்து கால்களை மூட வேண்டும். முன்பக்க அடி ஓடும் மேலே எழும்பித் தலையை மூடும். சுகமான பாலாமை மூடிக்கொண்டால் விரல் நுழைக்க முடியாது. இந்த ஆமையின் மடல்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. "பலம் இல்ல" என்றார் அவர்.

இலங்கையில் இயல்பாக வாழும் நன்னீர் ஆமைகள் இரண்டே இனம். ஒன்று கறுத்த, கெட்டி ஓடு கொண்ட குளத்து ஆமை. மற்றது இந்தப் பாலாமை. சிங்களத்திலும் இதற்குக் கிரி இப்பா, அதாவது பால் ஆமை, என்றுதான் பெயர். நீண்ட காலம் இந்தியப் பாலாமையின் ஒரு வகையாக எண்ணப்பட்டது, 2011 இல் வெளிவந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு லிசெமிஸ் சிலோனென்சிஸ் என்று தனி இனமாக, இலங்கைக்கே உரியதாக, ஏற்கப்படுகிறது. உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் உயிர் குடிதண்ணீர்த் தொட்டியில் கிடந்ததை அன்றைக்கு அந்த லயத்தில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை, நானும்தான்.

பாலாமை போன்ற மென்னோட்டு ஆமைகளுக்கு ஓட்டில் எலும்பு இல்லை என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அப்படி இல்லை. தோலுக்கு அடியில் எலும்புத் தட்டுகள் இருக்கின்றன. மற்ற ஆமைகளுக்கு அவற்றின் மேல் இருக்கும் கொம்புப்பொருள் தகடுகள்தான் இவற்றுக்கு இல்லை. ஒவ்வொரு காலிலும் மூன்று நகங்கள் மட்டும் வெளியே தெரியும். இந்தக் குடும்பத்துக்கே அது அடையாளம்.

அந்த மூத்தவர் சொன்ன இன்னொன்றை அப்படியே எழுதுகிறேன்: "குளத்துல இருக்கறதுன்னா தண்ணியில இருக்கறதுன்னு நெனைக்கிறாங்க. அது பாதி நாள் சேத்துலதான் சேர் இருக்கும்." பாலாமைக்கு மந்தமான, சேறு படிந்த, வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். குளம், வயல் வாய்க்கால், சதுப்பு, மெதுவாக ஓடும் ஆறு இவைதான் அதன் இடம். சேற்றுக்குள் உடம்பைப் புதைத்து மூக்கை மட்டும் நீட்டிக் காத்திருக்கும். நத்தை, மீன், தவளை, தலைப்பிரட்டை, செத்த பிராணி, நீர்ச்செடி எல்லாம் தின்னும். குளம் வற்றினால் ஈரச் சேற்றைத் தோண்டி உள்ளே போய்விடும், அல்லது தரைமேல் நடந்து வேறு தண்ணீர் தேடும். மழை இரவில் அது வீதியைக் கடந்ததும் அப்படி ஒரு நடைதான். மண் இல்லாமல் அதற்கு ஒன்றுமே நடக்காது. நாங்கள் கொடுத்ததோ தண்ணீரும் சீமெந்தும்.

முதல் இரவு

இந்தப் பகுதியை ஒளிக்காமல் எழுத வேண்டும். தவறுகள் இங்கேதான் அதிகம்.

தண்ணீர்ப் பிராணி தண்ணீரில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, பெரிய பேசினில் விளிம்பு வரை நிரப்பி ஆமையை விட்டேன். அது இடது பக்கம் சாய்ந்து மிதந்தது. தலையைத் தூக்கப் பலம் இல்லாமல் மூக்குத் தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. ஆமையும் நுரையீரலால் மூச்சுவிடும் பிராணிதான் என்பது எனக்குத் தெரியாததல்ல. வகுப்பில் வருடாவருடம் சொல்வதுதான். கண் முன்னால் அது திணறும்போதுதான் புத்திக்கு எட்டியது. உடனே வெளியே எடுத்தோம்.

அப்புறம், என் வீட்டுக்குப் பக்கத்து அக்கா இரக்கப்பட்டு, "குளிரில விறைச்சுப் போயிருக்கு" என்று அடுப்படியில் விறகு நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் பாடசாலைக்குப் போய் மத்தியானம் திரும்பி வந்தபோது முதுகுத் தோல் ஓரங்களில் காய்ந்து சுருங்கியிருந்தது. ஓட்டுத் தகடு இல்லாத தோல் ஈரத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் சூடேறுவதும் ஆபத்து. அந்த அக்காவைக் குறை சொல்ல மாட்டேன், என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லிவிட்டுப் போகவில்லை.

பிளாஸ்டிக் பெட்டியில் நனைத்த சாக்கை விரித்து, ஆமையின் முகவாய் உயரத்துக்கும் குறைவாகத் தண்ணீர் ஊற்றி, பெட்டிக்கு வெளியே கொஞ்சம் தள்ளி ஒரு குண்டு பல்பை எரியவிட்டது மாலையில்தான். வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து, இரவு முழுவதும் எடுத்து 25 பாகைக்குக் கொண்டுவந்தோம். விடியற்காலையில் கண்ணைத் திறந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்றிரவு லயத்தில் ஆளுக்கொரு யோசனை. பக்கத்து ஓயாவில், அதாவது சிற்றாற்றில், விட்டுவிடுவோம் என்றார்கள் சிலர். காசல்றீ நீர்த்தேக்கத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றார்கள் வேறு சிலர். மூல வியாதிக்கு இதன் இறைச்சி நல்லது என்று ஒருவர் கேட்டே வந்தார். அவருக்கு இல்லை என்று நேரடியாகச் சொல்லிவிட்டோம்.

ஓயாவிலும் நீர்த்தேக்கத்திலும் விடாததற்குக் காரணம் குளிர். ஆமையின் உடம்புச் சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. குளிர்ந்தால் செரிமானம் நிற்கும், நோயை எதிர்க்கும் சக்தி குறையும், தசை ஓயும். வயல் சேற்றில் வறட்சிக் காலத்தில் அது ஒடுங்கிக் கிடப்பது வேறு விஷயம். அங்கே மண் சூடாக இருக்கும், உடம்பு அதற்குப் பழகியது. மலைக் குளிரில் அசையாமல் கிடப்பது தூக்கம் அல்ல, செயலிழப்பு. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தூங்குகிறது என்று இங்குள்ளவர்கள் நம்பியதில் அதனால் ஆச்சரியம் இல்லை. அது மூன்று மாதம் தாக்குப்பிடித்ததுதான் எனக்கு ஆச்சரியம். மென்னோட்டு ஆமைகள் தோலாலும் தொண்டை உட்சவ்வாலும் தண்ணீரிலிருந்து ஓரளவு ஒட்சிசன் எடுக்கக்கூடியவை. ஊற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் அது உதவியிருக்கலாம்.

அடுத்தது, மறைப்பதா அறிவிப்பதா என்ற கேள்வி. பாலாமை இலங்கைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். 1937 இன் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். லொறி இளைஞர் பயந்துபோனார். "சேர், என்ன புடிச்சு உள்ள போட்டுடுவாங்களா?" என்று கேட்டார். பொய் சொல்லி ஆறுதல் தர எனக்கு மனமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்வோம், நானும் கூட நிற்கிறேன் என்றேன். வனசீவராசிகள் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, எங்கே எப்போது எடுத்தது, எங்கே இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது எல்லாவற்றையும் சொன்னோம். பேசிய அதிகாரி கோபப்படவில்லை. எடுத்த இடத்தைச் சரியாக ஞாபகம் வைத்திருப்பது நல்லது, திருப்பி விட அதுதான் வேண்டும் என்றார். அவர் அனுமதியோடு, மறுநாளே கண்டிப் பக்கத்து மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோனோம்.

வைத்தியம்

சாய்ந்து மிதந்தது நுரையீரலில் தொற்று இருப்பதற்கான அறிகுறி என்றார் வைத்தியர். ஒரு பக்க நுரையீரல் கனத்தால் அந்தப் பக்கம் தாழும். அவர் முதல் நாள் ஊசி போடவில்லை, உடம்பு சூடேறாமல் போட்ட மருந்து வேலை செய்யாது என்றார். தண்ணீரை 27, 28 பாகையில் இரண்டு நாள் வைத்த பிறகே தொடங்கினார். மூன்று நாளுக்கு ஒரு முறை முன்காலில் ஊசி. பின்பக்கத்து இரத்தம் சிறுநீரகத்தைத் தொட்டுப் போவதால் ஊர்வனவற்றுக்கு முன்காலில் போடுவதே வழக்கமாம். தோலில் வெண்படலமாக இருந்த பூஞ்சைக்கு, தினமும் கொஞ்ச நேரம் உலர்ந்த இடத்தில் வைத்து மருந்து பூசினார்கள்.

பத்தாம் நாள் வரை ஒன்றும் தின்னவில்லை. அதற்குப் பிறகு நத்தை ஒன்றை ஓட்டோடு நொறுக்கியதாகப் போனில் சொன்னார்கள். நான்காம் வாரம் நேராக நீந்தியது. பார்க்கப் போன என்னைக் கழுத்தை முழுவதும் நீட்டிக் கடிக்க வந்தது. கழுத்து அவ்வளவு நீளுமென்று நான் எதிர்பார்க்கவில்லை, விரல் தப்பியது. இப்போது மடல்கள் இரண்டும் இறுக மூடிக்கொண்டன.

முட்டைகள்

தொட்டியில் கிடந்த மூன்று முட்டைகளும் கோலிக்குண்டுபோல உருண்டை, கெட்டி ஓடு, குறுக்களவு ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். பாலாமை கரையேறி மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். முட்டைக்குள் இருக்கும் கரு ஓட்டின் நுண்துளைகள் வழியே காற்று வாங்கும். தண்ணீருக்குள் கிடந்தால் மூச்சுத் திணறிச் சாகும். இந்த ஆமைக்குக் கரை இல்லை, மண் இல்லை. அடக்க முடிந்தவரை அடக்கி, கடைசியில் தண்ணீரிலேயே விட்டிருக்க வேண்டும்.

எனக்கு இது தெரிந்தும், பிள்ளைகள் கேட்டபோது, "பார்ப்போம், பொரிக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் பிஸ்கட் டின்னில் ஈர மணல் போட்டு முட்டைகளை வைத்து, தினமும் வெப்பநிலை எழுதினார்கள். பாலாமை முட்டைகள் பொரிக்கப் பல மாதங்கள்கூட எடுக்கும் என்பதால், நம்பிக்கையும் இழுத்துக்கொண்டே போனது. ஐந்தாம் வாரம் நாற்றம் எடுத்தது. கொய்யா மரத்தடியில் புதைத்தோம். அழுத ஒரு சிறுமியிடம், முதல் நாளே எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்துவது அதுதான்.

தொட்டித் தண்ணீர்

ஆமை தண்ணீரைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கையைச் சும்மா தள்ளிவிடக் கூடாது. குளத்தில் செத்த மீனையும் தவளையையும் அது தின்கிறது, அங்கே அந்தப் பேச்சு உண்மை. ஆனால் குடிதண்ணீர்த் தொட்டியில் அதன் மலம் எங்கே போகும்? ஆமைகளின் குடலில் சல்மொனெல்லா பக்டீரியா இருப்பது சாதாரணம். ஆமைக்கு ஒன்றும் செய்யாது, மனிதர்களுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் தரும். அந்த மாதங்களில் லயத்தில் சில பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் இருந்தது. அதை ஆமையோடு முடிச்சுப்போட எங்களிடம் ஆதாரம் இல்லை, அப்படிப் பேசியவர்களைத் தடுத்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தொட்டியைத் தேய்த்துக் கழுவச் செய்து, குளோரின் இட்டார். கொதிக்கவைத்த தண்ணீரையே குடிக்கச் சொன்னார்.

திருப்பி விட்டது

பங்குனி கடைசியில், வனசீவராசிகள் உத்தியோகத்தர் இருவரோடு நானும் லொறி இளைஞரும் மகியங்கனைக்குப் போனோம். ஹுன்னஸ்கிரிய தாண்டி, பதினெட்டு வளைவு வீதியில் இறங்க இறங்கக் காற்று சூடானது. பெட்டியில் அதுவரை அடங்கியிருந்த ஆமை சுரண்டத் தொடங்கியது.

எடுத்த இடத்தை இளைஞர் சரியாகக் காட்டினார். ஒரு மதகு, அதற்கு அப்பால் வயல், வயலுக்கு மேலே சிறிய குளம். வீதியோரம் வேண்டாம் என்று உத்தியோகத்தர்கள் குளத்தின் தாழ்ந்த கரையைத் தேர்ந்தார்கள். வேறு ஏதாவது பெரிய குளத்தில் விட்டிருக்கலாமே என்று நான் கேட்டேன். அதன் நோய் அங்குள்ளவற்றுக்குப் போகக் கூடாது, இந்த இடத்தின் மேடு பள்ளம் அதற்குத் தெரியும், அதனால் எடுத்த இடமே நல்லது என்றார்கள்.

தரையில் வைத்ததும் சில நிமிடம் மூடிக்கிடந்தது. பிறகு மூக்கு வந்தது, கழுத்து வந்தது. விரைவாக நடந்து தண்ணீர் விளிம்பை அடைந்தது. நீந்திப் போகும் என்று நினைத்தோம், போகவில்லை. ஆழமில்லாத தண்ணீரில் நின்று உடம்பை இடமும் வலமும் அசைத்து, சேற்றைத் தன்மேல் அள்ளி மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு மூக்குத்துளைகள் மட்டும் தெரிந்தன. அப்புறம் அவையும் மறைந்தன. கலங்கிய தண்ணீர் தெளியும்வரை நால்வரும் நின்றோம்.

அடுத்த முறை என்றால்

முதல் மணித்தியாலத்தில் நான் செய்ய வேண்டியது ஈரத் துணியும், மூக்கு மூழ்காத அளவு தண்ணீரும், மெல்லக் கூடும் சூடும்தான். அதே மணித்தியாலத்தில் போனும் எடுக்க வேண்டும். இரவு முழுவதும் யோசனை கேட்டுக்கொண்டிருந்ததில் அரை நாள் போனது. முட்டைகளைப் பற்றி முதல் நாளே உண்மையைச் சொல்லி, அதையே பாடமாக்கியிருப்பேன். அந்த மூத்தவரை ஒருமுறை வகுப்புக்கு அழைத்தேன், முன்பே அழைத்திருக்க வேண்டியவர். குளத்து உயிர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது என் புத்தகத்தில் இல்லை.

தொட்டிக்கு இப்போது நெருக்கமான கம்பி வலை அடித்த புதிய மூடி இருக்கிறது. நுளம்பு முட்டையிட உள்ளே போக முடியாது, ஆமையும் தேவையில்லை. லொறி இளைஞர்மீது வழக்கு வரவில்லை, எச்சரித்து விட்டார்கள். அவர் இன்றும் அதே வீதியில்தான் போய்வருகிறார். போன கார்த்திகை மழையில் இரண்டு ஆமைகள் கடப்பதைக் கண்டாராம். லொறியை நிறுத்தி, ஒவ்வொன்றையும் அது போய்க்கொண்டிருந்த பக்கத்து ஓரத்திலேயே கொண்டுபோய் விட்டதாக வந்து சொன்னார்.